அசையாமல் இருந்தவள்

எனக்குச் சாமி வரும். ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், பதினாறு வயதில், மாரியம்மன் திருவிழாவுக்கு உறுமி மேளம் அடித்தபோது முதல்முறை வந்தது. அங்கே அது பெருமை. ஊரே என் காலில் விழும். கல்யாணமாகிப் புக்கிட் காத்தில் என்ற தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகு அது என் வீட்டுக்காரர் விமலனுக்குத் தலைவலியாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தியான வகுப்புக்குப் போகக் காரில் ஏறியதிலிருந்து விமலன் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

"உஷா, மேளம் கீளம் கேட்டா கண்ட்ரோல் பண்ணிக்க. மேனேஜர் குடும்பத்தோட வர்றாரு. தோட்டத்துல ஆடுன மாதிரி அங்க ஆடிறாத லா."

"அப்ப என்னைய ஏன் கூட்டிக்கிட்டுப் போறீங்க? வீட்டுலயே விட்டுட்டுப் போங்களேன்."

"எல்லாரும் ஒய்ஃபோட வர்றாங்க. நான் மட்டும் தனியா போய் நிக்கவா?"

அது தொண்ணூற்று நாலாம் வருடம். அவருடைய ஆபீசில் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதை யாருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்பவர் அந்த மேனேஜர். அந்தத் தியானத்துக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான்.

தாமானின் பொது மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். மேடையில் வயலினோடு ஓர் அம்மா, பக்கத்தில் மிருதங்கத்தோடு வீரப்பன் என்பவர். சிரம்பானிலிருந்து வந்திருந்த பரமேஸ்வரன் மாஸ்டர் வெண்ணெய் தடவிய குரலில் மைக்கில் பேசினார். கேசட் போட்டால் போதாதாம், நேரில் வாசித்தால்தான் மனம் அடங்குமாம். என் மனதைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

"கண்களை மூடுங்கள். உடம்பைத் தளர விடுங்கள். எதையும் பிடித்து வைக்காதீர்கள். வருவது வரட்டும்."

எனக்குப் பகீரென்றது. கட்டினவர் பிடித்து வை என்கிறார், இந்த மனுஷன் விட்டுவிடு என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்க?

வயலின் மட்டும் இருந்தவரை தப்பித்தேன். பிறகு மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் 'தொம்' என்று ஓர் அடி விழுந்தது. அது காதில் விழவில்லை, நேராக அடிவயிற்றில் விழுந்தது. கால் கட்டைவிரலை நகத்தால் அழுத்தினேன். பசாரில் வாங்க வேண்டிய சாமான்களை நினைத்துப் பார்த்தேன். கெம்போங் மீன், கங்கோங் கீரை, இரண்டு தேங்காய். நாலாவது சாமான் வருவதற்குள் தாளம் முந்திக்கொண்டது. கை மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. நாக்கு தடித்தது. தோளில் அந்தப் பழைய பாரம் வந்து உட்காரப் பார்த்தது.

விரல்களை இறுகக் கோத்துக்கொண்டு, கன்னத்தை உள்பக்கம் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. "தாயே, இன்னைக்கு மட்டும் வேணாம். போயிரு" என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஊரெல்லாம் சாமியை வா வா என்று கும்பிடும். நான் ஒருத்திதான் போ என்று கும்பிட்டேன். பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எவ்வளவு நேரமானதோ தெரியாது. வாத்தியங்கள் ஓய்ந்தன.

"கண்களைத் திறக்கலாம்" என்றார் மாஸ்டர். திறந்தால், அவர் கை என்னை நோக்கி நீண்டிருந்தது.

"இந்தச் சகோதரியைப் பாருங்கள். ஒரு மணி நேரமாக இவரையே கவனித்தேன். இமைகூட அசையவில்லை. மனம் அடங்குவதென்றால் இதுதான்!"

எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் எழுந்தே வந்துவிட்டார்.

"விமலன், உங்க மிஸ்ஸஸ இனிமே ஒவ்வொரு வாரமும் முன்னால உக்கார வைங்க. புதுசா வர்றவங்களுக்கு நல்ல எக்ஸாம்பிள்."

"கண்டிப்பா சார். அவளுக்கும் இதுன்னா ரொம்ப இஷ்டம்."

என்னைக் கேட்கவே இல்லை. வாயைத் திறந்து மறுக்கலாம் என்றால் பல்லெல்லாம் ரத்தம். விமலன் சிரித்த முகத்தோடு குனிந்து, "கலக்கிட்ட உஷா, எந்திரி" என்று கை நீட்டினார். அதைப் பிடிக்க நான் முதலில் என் விரல்களைப் பிரிக்க வேண்டும். அவை பிரியவில்லை.

மேடையில் வீரப்பன் மிருதங்கத்துக்கு உறை போட்டபடி மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு மொத நாளு, சும்மா அடக்கித்தான் வாசிச்சேன் சார். அடுத்த வாரம் பாருங்க, வெளுத்துக் கட்டிருவோம்."