பெயர்கள் மட்டும் தெரிந்தன

அன்று சாயங்காலம் மரியநாதபுரம் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் தங்கை ரூபி ஃபிரிட்ஜில் சாய்ந்து தரையில். அவளுடைய மாமியார் ஆனந்தமேரி மாதா படத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில். ரூபியின் வீட்டுக்காரர் ஆண்டனிராஜ், கல்யாண வீடியோ எடுப்பவர், கட்டில் விளிம்பில். அவரோடு தொழில் பார்க்கும் இளஞ்செழியன், தையல் மெஷின் பலகையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஸ்டூலில். நான் வாசற்படியை ஒட்டி. டெய்சிக்கு வருஷப் பூசை மறுநாள்.

இளஞ்செழியன் கறுப்புத் திரையில் ஒரு வரி அடிப்பான், பார்ப்பான், உதட்டுக்குள் ஏதோ சொல்வான், மறுபடி அடிப்பான்.

"ஏலே, குறி சொல்ற கோடாங்கி மாதிரி முணுமுணுக்காம சத்தமாச் சொல்லு" என்றார் ஆனந்தமேரி.

"சொல்றாப்புல ஒண்ணும் வரலம்மா."

டெய்சி, ரூபியின் ஒரே பிள்ளை, நாலு வயதில் காய்ச்சலில் போனாள். நாற்பதாம் நாள் பூசைக்குள் போனவர்களின் துணிமணியைக் கொடுத்துவிடுவது இவர்கள் வீட்டு வழக்கம். சட்டை, செருப்பு, பால் டம்ளர் எல்லாம் போயின. ரூபி மட்டும் சோறு தண்ணி இல்லாமல் போனில் பிள்ளையின் வீடியோவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். "அதையும் எடுத்துரு அப்பு. இல்லேன்னா இவளும் போயிருவா" என்று ஆனந்தமேரி மகனிடம் சொன்னார். ஆண்டனிராஜும் எடுத்தார். இரண்டு போன்களிலும் கேமராவிலும் இருந்த பிள்ளையின் வீடியோ அத்தனையையும் ஒரே கோப்பாகச் சுருக்கி, பென்டிரைவில் போட்டு, வருஷப் பூசைக்கு எடுத்துத் தருவதாக ரூபிக்கு வாக்குக் கொடுத்தார்.

முகூர்த்தங்கள் முடிந்ததும் கல்யாண வீடியோக்களை அவர் சுருக்கி வைக்கும் முறை அது. ஒரே வரிக் கட்டளை. சுருக்கி முடித்ததும் மூலத்தை அதுவே அழித்துவிடும். பிள்ளையின் வீடியோக்கள் வழக்கமான முறையில் அந்தப் பென்டிரைவில் அடங்கவில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதி, சோதனைக்கு என்று இணையத்தில் விட்டிருந்த பிளக்இன் என்னும் துணை நிரல் ஒன்றை மென்பொருளோடு சேர்த்து, அதன் பெயரைக் கட்டளையில் கொடுத்தார். அடங்கிவிட்டது. பிரிப்பதற்கும் அதே பிளக்இன் வேண்டும். அதையும் பென்டிரைவில் போட்டு வைக்க அவருக்குத் தோன்றவில்லை. ஆடித் தள்ளுபடியில் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துப் புதியது வாங்கியபோது அதுவும் சேர்ந்து போயிற்று. கடையில் போய்க் கேட்டதற்கு, அன்றைக்கே துடைத்துவிட்டோம் என்றார்கள்.

"புது பிளக்இன் இருக்குண்ணே. ஆனா பழசுல கட்டுனத அது பிரிக்க மாட்டேங்குது" என்றான் இளஞ்செழியன். "பழச அந்தாளு நெட்லருந்து எடுத்துட்டாரு. மெயில் போட்டேன், திரும்பி வந்துருச்சு. உள்ள இருக்கிற பேரை வேணா காட்டும். பேரு மட்டும் சாதா முறையில கட்டியிருக்கு."

"காட்டு" என்றாள் ரூபி.

ஒரு வரி அடித்தான். திரை முழுக்கப் பெயர்கள் இறங்கின. ரூபி எழுந்து வந்து, விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். டெய்சி மழை. டெய்சி ஆட்டுக்குட்டி. டெய்சி செபம். டெய்சி மாமா மீசை. அதை வாசித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுல என்னண்ணே சொன்னா?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. பிள்ளை மீசையைப் பிடித்து இழுத்தது வரைக்கும் வந்தது. என்ன சொன்னாள் என்பது வரவே இல்லை.

"ஒரு தடவ பிரிச்சுப் பாத்திருக்கணும்" என்றார் ஆண்டனிராஜ். "தொறக்கப் பயமா இருந்துச்சு ரூபி."

"கல்யாண வீட்டுக்காரகளுதுன்னா பாத்துருப்பீக" என்றாள் ரூபி.

ஆனந்தமேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நாந்தேன் எடுக்கச் சொன்னேன், என்னையத் திட்டு ஆத்தா" என்றார். ரூபி அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

பிளக்இன் எழுதியவரின் பழைய பக்கத்தில் தபால் முகவரி ஒன்று இருந்தது. பழைய பிளக்இன்னைக் கேட்டு அதற்குக் கடிதம் போடலாம் என்றேன். பள்ளிக்கூட இங்கிலீஷில் எழுதத் தொடங்கினேன். முதலில் வணக்கம். இரண்டாவது, பிளக்இன்னின் பெயரும் பதிப்பும். மூன்றாவது, எங்கள் பிள்ளை இறந்துபோன விவரம். அதைத் தமிழில் சொல்லிக் காட்டியதும் ரூபி பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அத எழுதாதண்ணே. எழுதுனா, மனசு கஷ்டமா இருக்குன்னு நாலு வரி எழுதிட்டு விட்டுருவாக. கல்யாண வீடியோன்னு எழுது. பொண்ணு வீட்ல சண்டைக்கு வாராகன்னு எழுது. பொழப்புன்னா செய்வாக."

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. எங்கள் சொந்தத்தில் யாருக்கும் இல்லாத ஒன்றை ரூபியே சொன்னாள். பர்ஹானா என்று எழுதிக்கொண்டேன்.

மறுநாள் பூசை முடிந்து, ஆண்டனிராஜும் நானும் தலைமைத் தபால் நிலையத்துக்குப் போனோம். பசை மேஜையில் நின்று உறையின் வாயை அவரே ஒட்டினார். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் திரும்பத் திரும்ப நீவினார். கவுண்டரில் இருந்த பெண் முகவரியைப் படித்துவிட்டு, "அம்புட்டுத் தூரத்துக்கா? என்ன விசயம்ணே?" என்று கேட்டார்.

"ஒரு கல்யாண வீடியோ சம்பந்தமா" என்றார் ஆண்டனிராஜ்.

"நல்ல காரியம். போய்ச் சேந்துரும்."

முத்திரை விழுந்தது. அந்தப் பெண் உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் எறிந்தார். அதன்மேல் வேறு கடிதங்கள் விழுந்துகொண்டே இருந்தன. ஆண்டனிராஜ் கவுண்டர்க் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கடைசியில் ஒருவர் வந்து, சாக்கின் வாயைச் சுருட்டி, சணலால் இறுக்கிக் கட்டினார்.