மேஸ்திரிக்குத் தந்த இளநீர்

ஜெபா சிஸ்டரை லோகு அதுவரை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவன் வேலை பார்த்த கம்பி ஆலையில் முதலுதவி அறை என்றால் ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு பஞ்சு டப்பா. விரலைச் சுட்டுக்கொண்டு போனால் மருந்து போடுவாள், கையுறை ஏன் போடவில்லை என்று கால் மணி நேரம் குடைவாள். உலைப் பக்கத்து ஆட்களுக்கு அவள் 'பிளாஸ்திரி சிஸ்டர்'. அந்தப் பெயரை வைத்ததே லோகுதான். அதில் ஐயாவுக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

ராஜமாணிக்கம் மேஸ்திரி விஷயம் அப்படியல்ல. பழுக்கச் சிவந்த கம்பி ஒருமுறை தடம் மாறிச் சீறி வந்தபோது லோகுவின் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டவர் அவர். அன்றிலிருந்து மேஸ்திரிக்கு ஒன்றென்றால் லோகுவுக்குத் தாங்காது.

பங்குனியில் மேஸ்திரிக்குக் கால் வீங்கியது. திருவள்ளூர் டாக்டர் இதயம் பலவீனமாக இருக்கிறதென்று சொல்லி நீர் மாத்திரை எழுதினார். மாதம் ஒருமுறை ரத்தம் சோதிக்க வரச் சொன்னார். மேஸ்திரி மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை, ரத்தம் கொடுக்க ஒருநாள்கூடப் போகவில்லை. நோய் வெளியே தெரிந்தால் உலையிலிருந்து மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் லோகுவிடம் மட்டும் சொல்லி, வாயைத் திறக்காதே என்று சத்தியமும் வாங்கியிருந்தார்.

கோடையில் உலைப் பக்கத்து ஆட்களுக்கும் முதலுதவி அறைக்கும் ஷிப்டுக்கு ஆளுக்கொரு இளநீர். யூனியன் மல்லுக்கட்டி வாங்கிய உரிமை அது. மேஸ்திரி தளர்ந்து நடப்பதைப் பார்த்த லோகு தன் பங்கை அவரிடம் நீட்டினான். அவனைப் பார்த்து உடன் வேலை பார்த்த எபினேசர் நீட்டினான், பென்னி நீட்டினான், இன்னும் சிலர் நீட்டினார்கள். ஒரு நாளைக்கு ஆறு இளநீர் ஆயிற்று. அவர் குடித்து முடிக்கும்வரை சுற்றி நின்று பார்ப்பார்கள். அவரோ நாளுக்கு நாள் துவண்டுகொண்டே போனார். துவளத் துவள இவர்கள் இன்னும் ஆசையாக வெட்டிக் கொடுத்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மேஸ்திரியின் கால்கள் நிற்க மறுத்தன. நாலு பேராகத் தூக்கிக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடினார்கள்.

"வெயிலு தலைக்கேறிடுச்சு. கொஞ்சம் படுத்தா எழுந்துடுவாரு," என்றார் சூப்பர்வைசர் அன்புசெல்வன்.

லோகு கையோடு கொண்டுவந்த இளநீரை அவர் வாயருகே கொண்டுபோனான். ஜெபாவின் கை குறுக்கே வந்தது.

"இரு. ஒண்ணும் குடுக்காத."

நெற்றியைத் தொட்டாள். சூடில்லை. நாடி நாற்பத்திநாலுதான் ஓடியது. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் சரியாக இருப்பதாகக் காட்டியது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் மார்பையே கவனித்தாள். அன்புசெல்வன் இரண்டு தடவை ஏதோ சொன்னார். முழு நிமிஷம் முடியும்வரை அவள் திரும்பவேயில்லை.

"முப்பத்திநாலு மூச்சு. நெஞ்சுல சளி இல்ல, ஒடம்பும் கொதிக்கல. அப்புறம் ஏன் இவ்ளோ ஆழமா இழுக்குறாரு? ரத்தத்துல ஆசிட் ஏறினாலும் இப்படி இழுக்கும். இன்னா மாத்திரை போடுறாரு?"

யாருக்கும் தெரியவில்லை. மேஸ்திரியின் கண்கள் லோகுவைத் தேடின. சொல்லாதே என்று கெஞ்சின. லோகு சத்தியத்தைத் தூக்கிக் கடாசிவிட்டு ஓடிப்போய், அவர் சாப்பாட்டுப் பையிலிருந்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

அதைப் படித்ததும் ஜெபாவின் முகம் வெளுத்தது. "ஒரு நாளைக்கு எத்தினி எளநீ?"

"ஆறு, சிஸ்டர்."

அவள் உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வண்டி வந்ததும் லோகுவோடு தானும் ஏறிக்கொண்டாள். வழியில்தான் லோகுவுக்குச் சொன்னாள்.

"இந்த நீர் மாத்திரை தண்ணிய வெளிய தள்ளும், பொட்டாசியத்த உள்ளயே நிறுத்திக்கும். கிட்னி ஆசிட்ட வெளியேத்துறதும் மந்தமாயிடும். எளநீல அதே பொட்டாசியம் எக்கச்சக்கம். குடிக்கக் குடிக்க ஏறிக்கினே போயிருக்குது. ரொம்ப ஏறினா இதயம் நின்னுடும்."

கடவுளே, ஊற்றிக் கொடுத்தது இந்தக் கைதானே என்று லோகு மனசுக்குள் அடித்துக்கொண்டான்.

நெடுஞ்சாலையோர ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். "வெயில் கேஸா? வெளிய ஒக்காருங்க, கூப்பிடுறோம்," என்றார் டூட்டி டாக்டர்.

"வெயில் இல்ல சார். மொதல்ல ஈசிஜி எடுங்க. அப்புறம் பொட்டாசியம், ரத்தத்துல ஆசிட் அளவு."

"நீங்க யாரு?"

"ஃபேக்டரி நர்ஸு சார்." சொல்லிவிட்டு அவள் நகரவில்லை. மாத்திரை அட்டையை அவர் கண்ணெதிரே பிடித்தபடி நின்றாள்.

டாக்டர் படித்தார். அதற்குப் பிறகு அவரும் ஒரு நொடி வீணாக்கவில்லை. ஈசிஜி தாளில் கோடுகள் கூடாரம் கூடாரமாக நிமிர்ந்து நின்றன. ஐந்தைத் தாண்டக் கூடாத பொட்டாசியம் ஏழு புள்ளி நாலு. அமிலமும் அவள் சொன்னபடியே ஏறியிருந்தது. ஊசிமேல் ஊசி போட்டார்கள். கோடுகள் மெல்லத் தணிந்தபோது டாக்டரே ஒரு நாற்காலியை இழுத்து ஜெபாவுக்குப் போட்டார். பார்த்துக்கொண்டிருந்த லோகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தியையா கிண்டலடித்தோம் என்று கூசிப்போனான்.

சாயந்திரம் மேஸ்திரியின் மனைவி முத்தம்மா அலறியடித்துக்கொண்டு வந்தபோது, மேஸ்திரி கண்ணைத் திறந்து, "ஊட்ட பூட்டிட்டு வந்தியா?" என்று கேட்டார். அவள் ஜெபாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

லோகுவால் அதற்கு மேல் முடியவில்லை. "அண்ணி, எளநீ குடுக்க ஆரம்பிச்சது நான்தான்."

"நானும்தான்," என்றாள் ஜெபா. "எனக்கு வர்ற எளநீயும் பத்து நாளா அவருக்குத்தான் போச்சு. நீங்க தெரியாம குடுத்தீங்க. நர்ஸு நான், இன்னா மாத்திரை போடுறீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல."

ஆலைக்குத் தர வேண்டிய அறிக்கையை மடியில் வைத்து அவள் எழுதிக்கொண்டிருந்தாள். லோகு எட்டிப் பார்த்தான். காரணம் என்ற இடத்தில், மருந்தை விசாரிக்காமல் இளநீர் கொடுத்தனுப்பியவர் ஜெபா என்றிருந்தது. வேறு பெயரே இல்லை.

"வேலைக்கே உல வச்சிடுவாங்க சிஸ்டர். அத அடிச்சிடுங்க."

"அடிக்க மாட்டேன். எனக்கப்புறம் வர்ற நர்ஸு இத படிச்சா, மொதல்ல கேட்டுட்டுதான் எதையும் குடுப்பா."

லோகு பேனாவைக் கேட்டு வாங்கி, அவள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான்.