நகம் வளரும் வரை

"நகத்த வச்சு இழுத்துப் பாருங்க மாப்ளே. வழுக்கிட்டுப் போனா பொழைச்சுது. மாட்டுனா போச்சு."

மச்சான் இதைச் சொல்லிவிட்டு வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நின்றார். பட்டறை மேசையில் பழைய போர்வை விரித்து அதன்மேல் அந்த அலுமினியக் கூட்டை வைத்திருந்தார். ஹவுசிங் என்று பெயர். நடுவில், இடுப்பில் லேசாகக் கிள்ளிவிட்ட முட்டை வடிவில் ஒரு பெரிய துவாரம். துவாரத்தின் உட்சுவர் முழுக்கக் கண்ணாடி போல மின்னும் குரோமியப் பூச்சு. ஒரே ஓர் இடத்தில் மட்டும், பூனை பிறாண்டிய மாதிரி மூன்று கோடுகள்.

அவன் கட்டைவிரலைக் கோடுகளுக்குக் குறுக்கே இழுத்தான்.

"வழுக்குதே மச்சான்."

"நகம்னு சொன்னேன். நீங்க சதைய வச்சுத் தடவிக் குடுக்கிறீங்க."

அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். பத்து விரலிலும் நகம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கடிக்கத் தொடங்கியது. அங்கிருந்து திரும்பி வந்த பிறகும் நிற்கவில்லை.

கார் அவன் மனைவியுடையது. மச்சானின் தங்கை. பன்னிரண்டு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பத்து மாதமாகிறது. அதற்கு முந்தைய வருடம் அண்ணனும் தங்கையுமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே மேசையில் இந்த எஞ்சினைப் பிரித்துக் கோர்த்தார்கள். அவன் ஓரமாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவான். கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. இது பிஸ்டன் இல்லாத எஞ்சின். மூன்று மூலை கொண்ட கனமான ரோட்டர் இந்தக் கூட்டுக்குள் சுழலும்; பின்னால் இதேபோல் இன்னொரு ஜோடி. அவள் அதைக் குண்டு முக்கோணம் என்பாள். மூலைக்கு ஒன்றாக மெல்லிய சீல் சுவரை உரசிக்கொண்டே ஓடும். அது தேயலாம், ஆனால் உடையக் கூடாது.

இப்போது உடைந்திருந்தது. உடைத்தவன் அவன்தான்.

எழுப்பினால் ஓட விடணும் என்பது அவள் போட்ட சட்டம். இந்த வகை எஞ்சினைக் கிளப்பியதும் அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி, அடுத்த முறை கிளம்பாது. வாசலில் நகர்த்தி வைக்கக்கூட அவள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவாள். அவன் பத்து மாதம் கழித்துக் காரின் அடியில் சேர்ந்த சருகைப் பெருக்க நினைத்தான். கிளப்பினான், நாலடி நகர்த்தினான், அணைத்தான். மறுநாள் கிளம்பவில்லை. சாவியைத் திருகிக்கொண்டே இருந்தான். ஒருவழியாக இருமிக்கொண்டு பிடித்தபோது, எங்கே மறுபடி நின்றுவிடுமோ என்று ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தான். உள்ளே தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கிய சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"மூணாவது மூலை சீல். இத்தனை நாள் சும்மா நின்னதுல ஒட்டிக்கிட்டிருந்திருக்கு," மச்சான் மேசையில் ஒரு கருப்புத் துணுக்கை வைத்தார். "ரோட்டர் தப்பிச்சிருச்சு. பின்பக்க ஹவுசிங்ல ஒரு கீறல் கிடையாது. இது ஒண்ணுதான். என் நகம் மாட்டுது."

"உங்களது நகமா மச்சான்? உளி."

"சரி, உளியே மாட்டுதுங்கறேன்."

"தேய்ச்சு, மறுபடி பூச்சுப் போட முடியாதா?"

"போட்டுத் தர ஆள் இருக்கு. நல்லா வந்தா வரும். ஓடறப்ப உரிஞ்சுதுன்னா அந்தத் துணுக்கு சும்மா வெளிய போகாது. ரோட்டரையும் தின்னுட்டுப் போகும்." மச்சான் துணியில் கையைத் துடைத்தார். "வேற வண்டியில பிரிச்ச நல்ல ஹவுசிங் ஒண்ணு ஒருத்தர்கிட்ட இருக்கு. நமக்குன்னு எடுத்து வச்சிருக்கார்."

அவன் கூட்டைத் திருப்பினான். கூட்டின் வெளிப்புறத்தில், போல்ட் துளைகளை ஒட்டி, சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் இருந்தன. அவள் ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து இறுக்கியதும் தூரிகையால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இருந்தால் வேலை முடிந்தது, யாரும் தொடக் கூடாது. வீட்டில் அவளுடைய சேலைகள் இருந்தன, செருப்பு இருந்தது. அவையெல்லாம் கடையில் வாங்கியவை. இது அவள் செய்தது.

உதிரிபாகம் அடுக்கிய அறையிலிருந்து மச்சானின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, என் நகம் வேணா தரட்டுமா? நேத்துத்தான் பாலிஷ் போட்டேன்."

"நீ பேசாம இரு. உன் நகம் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிறதுக்கே ஒடையுது."

"ஒடையட்டும். நீங்களா வாங்கித் தர்றீங்க?"

அவன் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. "நானே பாத்தாதான் எனக்குச் சரிப்படும்," என்றான்.

 மச்சான் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, அவனுடைய வலது கட்டைவிரலைப் பிடித்து, ஒயருக்குச் சுற்றுவது போல இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"மூணு வாரம் தர்றேன். ஹவுசிங்காரர்கிட்ட சொல்லி வைக்கிறேன். இந்த ஒரு விரல விட்ருங்க. மத்த ஒம்பதையும் மென்னு துப்புங்க, எனக்கென்ன வந்துச்சு."

கல்லூரியில் எல்லோரும் அடிபட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றான். பத்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த 'எப்படி இருக்கீங்க'வுக்குப் பதிலாக இதைக் கேட்டது நிம்மதியாக இருந்தது. தினமும் குளித்ததும் பழைய டேப்பை உரித்துவிட்டுப் புதிது சுற்றுவான். சுற்றும் முன் விரலை ஜன்னலோரம் காட்டிப் பார்ப்பான். பதினோராம் நாள் துறைக் கூட்டத்தில் விரல் தானாக வாய்க்குப் போயிருந்தது. நாக்கில் ரப்பர் கசந்ததும் வெளியே எடுத்தான். அன்று சாயங்காலம் பார்த்தபோது, சதையைத் தாண்டி வெள்ளையாக ஒரு கோடு எட்டியிருந்தது. நூல் அளவு. அவன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் செய்யாமலே வளர்ந்திருந்தது.

மூன்றாவது வார முடிவில் பட்டறைக்குப் போனான். மச்சான் ஒன்றும் கேட்காமல் கூட்டைத் தூக்கி வந்து வைத்தார். அவன் டேப்பைப் பிரித்தான். விரல் வெளிறிச் சுருங்கியிருந்தது, நகம் இருந்தது. முதலில் நல்ல இடத்தில் இழுத்துப் பார்த்தான். சறுக்கிக்கொண்டு போனது. பிறகு முதல் கோட்டின் மேல். இரண்டாவது. மூன்றாவது கோட்டில் நகம் டிக்கென்று விழுந்து நின்றது. இன்னொரு தரம் இழுத்தான். அதே டிக்.

 மச்சான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையே போட்டா ரோட்டர் போயிரும்ல?"

"இன்னிக்கு இல்லன்னா ஒரு நாள் போகும்."

ரோட்டரையும் அவள்தான் கோர்த்திருந்தாள். பின்பக்கக் கூட்டையும்.

"மாட்டுது மச்சான்," என்றான். "மாத்திருங்க."

மச்சான் தலையை ஆட்டினார். சட்டென்று திரும்பி ஒன்றும் இல்லாத அலமாரியில் எதையோ தேடினார். அவருக்கும் அது தங்கை இறுக்கிய போல்ட்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த இரண்டு ஞாயிறுகள் அவன் விடைத்தாள் கொண்டு வரவில்லை. மச்சான் சொல்லச் சொல்ல மாற்றுக் கூட்டின் போல்ட்டுகளை அவனே இறுக்கினான். அளவு வந்ததும் ரெஞ்சு டக்கென்று சொல்லும். முதல் டக்குக்கே பயந்து கையை எடுத்துவிட்டான்.

"கடிக்காது மாப்ளே. நீங்கதான் கடிப்பீங்க."

இந்தத் தடவை சிரிப்பு வந்தது. மச்சானின் மனைவி மஞ்சள் டப்பாவையும் தூரிகையையும் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாள். டக். புள்ளி. டக். புள்ளி. அவன் வைத்த புள்ளிகள் பெரிதாக, வழிந்து போய் இருந்தன. பழைய கூட்டை மச்சான், காற்றில் அடித்துக்கொள்ளும் பட்டறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தார். அவளுடைய புள்ளிகள் வெளிப்பக்கம் தெரியும்படி.

எஞ்சின் ஏறிய அன்று சாவியை அவன்தான் திருப்பினான். முதலில் இருமல், நிறைய வெள்ளைப் புகை. பிறகு அந்தப் பழைய சத்தம், பெரிய தையல் மிஷின் போல. மச்சான் காது கொடுத்துக் கேட்டுவிட்டு போனட்டைச் சாத்தினார்.

அவன் கை பழக்கத்தில் சாவிக்குப் போனது.

"கைய எடுங்க," என்றார் மச்சான். "எழுப்பியாச்சு. ஓட விடணும்."

"எங்க போறது?"

"எனக்கென்ன தெரியும்? ஹீட் முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் எங்கயாவது போங்க. ஓங்கி மட்டும் மிதிக்காதீங்க."

அவள் போனதிலிருந்து அவன் கல்லூரி, வீடு, பட்டறை தவிர எங்கும் போனதில்லை. பட்டறையை விட்டு இறங்கி, மெதுவாகப் பெரிய சாலைக்கு வந்தான். வெப்பம் காட்டும் முள் இன்னும் அடியில்தான் கிடந்தது. வீட்டுத் தெரு வந்தது. திரும்பாமல் விட்டான். கடைகள் முடிந்தன, ரயில்வே கேட் வந்தது. கேட்டைத் தாண்டியபோது முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றது.

இனி அணைக்கலாம். அவன் அடுத்த கியரைப் போட்டான்.