பன்னிரண்டு மணி ரீடிங்

பத்தாவது ஆளிடமும் அம்மா அதையேதான் சொன்னாள். சொல்லும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“பன்னெண்டு மணிக்குக்கூட இவன் அந்தத் தொட்டிப் பக்கம் போயிட்டு வந்திருக்கான். அப்ப அங்க யாருமில்ல. அதுக்கப்புறம்தான் விழுந்திருக்காரு. ரொம்ப நேரம் கெடக்கல. அந்த மட்டுக்கும் நிம்மதி.”

வந்தவர் மகனின் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். மகன் தலையைத் தூக்கவில்லை. துக்கத்தில் குனிந்த தலைக்கும் வெட்கத்தில் குனிந்த தலைக்கும் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அன்றைக்கு அவனுக்கு இருந்த ஒரே வசதி அதுதான்.

ஹாலில் கட்டிலின் மேல் அப்பா, கழுத்துவரை வெள்ளைத் துணியோடு கிடந்தார். வெளியூரிலிருந்து அத்தை வந்துவிட்டால் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தார்கள்.

ஊர்ச் சாக்கடை முழுக்க வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் இருபத்தாறு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர் அவர். அங்கே அவருக்கு ‘ரவுண்டு’ என்று பெயர். ஆளைப் பார்த்தால் ஒட்டடைக் குச்சி. பெயரைக் கேட்டுத் தேடி வருகிறவர்கள் குண்டான ஆளைத் தேடி ஏமாந்து நிற்பார்கள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாலு தொட்டிக்கும் நடந்துபோய், மீட்டரை முக்கி, தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சுற்றுச்சூழல் வாரியத்தின் விதி. மழையானாலும் காய்ச்சலானாலும் அவர் ஒரு ரவுண்டைக்கூட விட்டதில்லை. பெயர் வந்தது அப்படித்தான்.

மகனும் அங்கேயே ஆபரேட்டர். அப்பாவின் நைட் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு முடியும்போது அவனுடையது தொடங்கும். நாலாவது தொட்டி பின்மதிலை ஒட்டி இருக்கிறது. போய்வர இருபது நிமிஷம் பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதமே அவன் ஒன்றைத் தெரிந்துகொண்டான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதினாலும் தொட்டி கோபித்துக்கொள்வதில்லை. எட்டு மணிக்கு 2.0, பத்து மணிக்கு 2.1, பன்னிரண்டுக்கு மறுபடியும் 2.0. ஒருநாள் அப்பா லாக் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உன் ஷிப்ட்டுல மட்டும் தொட்டி ரொம்ப ஒழுக்கமா இருக்குடா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவனும் சிரித்து மழுப்பினான்.

நேற்றும் அப்படித்தான் எழுதினான். ரெண்டு மணிக்குக் குப்பை கொட்டப் போன துப்புரவு அக்கா போட்ட கூச்சலைக் கேட்டு ஓடினான். நாலாவது தொட்டியின் ஓரத்தில் அப்பா குப்புறக் கிடந்தார். கன்னத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. கைக்குப் பக்கத்தில் மீட்டர் கிடந்தது.

நிலையத்தில் இருப்பது அந்த ஒரே மீட்டர்தான். அது இங்கே கிடந்தால், எட்டுக்கும் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் எதை முக்கி எழுதினாய் என்று யாராவது கேட்பார்கள். அப்பாவைத் தொடுவதற்கு முன்னால் அவன் கை மீட்டரைத் தொட்டது. அதை எடுத்து இடுப்பில் செருகி, சட்டையை மேலே இழுத்துவிட்ட பிறகுதான் அவரைப் புரட்டினான்.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் லாக் புத்தகத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். நைட் ஷிப்ட் முடிந்ததும் பம்ப் ரூம் பெஞ்சில் நாலைந்து மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் ‘ரவுண்டு’ வீட்டுக்குப் போவார் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுந்து போகிற போக்கில் தொட்டியை எட்டிப் பார்த்திருப்பார், பன்னிரண்டுக்குப் பிறகு நடந்திருக்கும் என்று அவரே அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். அம்மா அந்த ஆறுதலை இறுகப் பற்றிக்கொண்டாள்.

துப்புரவு அக்கா வந்து, அழுது, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது பின்னாலேயே வந்தாள்.

“ஆறே முக்காலுக்கு மீட்டரத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனாரு தம்பி. தெனமும் போவாரு. அதுக்கப்புறம்தான் தூங்குவாரு. பையன் ஷிப்ட்டுல ஒரு ரவுண்டாவது உண்மையா இருக்கட்டும்பாரு.” அவன் திறந்துவிட்டிருந்த குழாயை அவளே மூடினாள். “நீங்க அத எடுத்துச் செருகினதையும் பாத்தேன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சொல்ல மாட்டேன் என்றதில் கூனிக் குறுகிப்போனான். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மேலே போட்டுக்கொடுக்காமல், அவனிடமும் கேட்காமல், அவனுக்குப் பதிலாகத் தினமும் நடந்திருக்கிறார்.

சமையலறையில் அம்மா வந்தவர்களுக்காகக் காபி கலந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை.

“நான் போகலம்மா” என்றான்.

“எங்கடா?”

“பன்னெண்டு மணிக்கு. பத்துக்கும் போகல. எட்டுக்கும் போகல. உக்காந்த எடத்துலயே எழுதினேன்.”

துப்புரவு அக்கா சொன்னதைச் சொன்னான். மீட்டர் விஷயத்தையும் மறைக்கவில்லை. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்; அடுப்பை அணைத்தாள்.

“எட்டு மணிக்குப் போயிருந்தா உசுரு இருந்திருக்குமா?”

“தெரியலம்மா.”

அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அத்தை உள்ளே வந்து, தம்பியின் முகத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“எப்பம்மா ஆச்சு?”

மகன் காபித் தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றான்.

“பன்னெண்டுக்கு மேல, அண்ணி.”

“பக்கத்துல யாருமே இல்லையா? இவன் அங்கதான வேல பாக்குறான்?”

அம்மா அவன் பக்கம் பார்க்கவில்லை. “யாரும் இல்ல” என்றாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் அத்தையை உட்காரச் சொன்னாள். தட்டிலிருந்த டம்ளர்களில் ஆடை படிந்துகொண்டிருந்தது.