சாட்சிக்கு வந்த செபஸ்தியம்மாள்

என் அண்ணன் ஞானராஜ் திண்டுக்கல்லில் பழங்களை டின்னில் அடைக்கும் கம்பெனி ஒன்றை நடத்தினார். யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு ஜாம் அனுப்புவதற்காகத் தொடங்கியது. யுத்தம் முடிந்து அந்த ஆர்டர் நின்ற பிறகு கொய்யாவையும் மாம்பழத்தையும் சர்க்கரைப் பாகில் போட்டு அடைத்து மதராஸ் கடைகளுக்கு அனுப்பி, எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டுப் பெண்களுக்கு அங்கே வேலை. நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனிக்கிழமைகளில் போய் அவருக்கு இங்கிலீஷ் கடிதங்கள் எழுதிக் கொடுப்பேன்.

ஐம்பத்து நாலாம் வருஷம் மதராஸ் கடைகளில் வெளிநாட்டுப் பழ டின்கள் வந்து குவிந்தன. பளபளவென்று லேபிள் ஒட்டி, எங்கள் டின்னில் பாதி விலைக்கு விற்றன. அண்ணன் ஒரு டின்னை வாங்கிவந்து மேஜைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வெலைக்கு எனக்கு வெறும் டின்னு கூட வராது ரோசலின். கப்பல் கூலி குடுத்து, சுங்கம் கட்டி, எப்படி விக்கிறான்?"

அந்த வருஷம் கொய்யா நன்றாகக் காய்த்திருந்தது. பாலசமுத்திரத்திலிருந்து பெருமாள்சாமிக் கவுண்டர் வழக்கம்போல் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் கேட்டிலேயே நிறுத்தி, இந்தத் தடவை வாங்க முடியாது என்றார்.

"ஏனுங்க மொதலாளி, நீங்க எடுப்பீங்கன்னுதானுங்க வேற ஏவாரிகிட்டப் பேசல. பழுத்த பழத்தத் திருப்பி எங்கீங்க கொண்டுபோறது?" என்றார் கவுண்டர்.

அண்ணன் உள்ளே போய்விட்டார். லாரி அன்று சாயங்காலம் வரை கேட்டில் நின்றது. மறுநாள் காலையில் கரூர் ரோட்டோரம் பழம் மொத்தமும் கொட்டிக் கிடந்ததாகச் சொன்னார்கள்.

இதுபோல மற்ற ஊர்க் கம்பெனிகளுக்கும் அடி விழுந்திருந்தது. எல்லோரும் சேர்ந்து சர்க்காருக்கு மனுப் போட்டார்கள். விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. தன் நாட்டில் விற்பதைவிடக் குறைந்த விலைக்கு இங்கே கொண்டுவந்து கொட்டுகிறானா, அதனால் இங்குள்ள தொழில் நொடிக்கிறதா என்று பார்த்து, ஆமென்றால் வரியை ஏற்றச் சொல்வது அதன் வேலை. எங்கள் பங்குக் கோயிலில் இருந்த வெளிநாட்டுப் பாதிரியாரின் தங்கை, அவர் எழுதிக் கேட்டதற்கு, தன் ஊர்க் கடையில் அதே டின்னை வாங்கி ரசீதை அனுப்பிவைத்தாள். அங்கே விலை இங்கிருப்பதைப்போல் இரண்டு பங்கு! அண்ணன் அந்த ரசீதைப் பைபிளுக்குள் வைத்துப் பாதுகாத்தார்.

குழுவிடமிருந்து நாற்பது பக்கத்துக்குக் கேள்விகள் வந்தன. மூன்று வாரம் உட்கார்ந்து நான்தான் பதில் எழுதினேன். ஓர் இடத்தில், இயந்திரங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டிருந்தது. நான் பேனாவை நிறுத்தி அண்ணனைப் பார்த்தேன். எங்களிடம் மூடி அழுத்தும் மெஷின்கள் இரண்டு. இரண்டாம் மெஷினில் உருளை தேய்ந்துபோயிருந்தது எனக்குத் தெரியும்.

"நல்ல நெலமைன்னு எழுது."

"அண்ணே, செபஸ்தியக்கா மூணு தடவை சொல்லிட்டாங்க."

"உருளை பம்பாயிலருந்து வரணும். ஆர்டர் வரட்டும், மாத்திருவோம். இப்ப மெஷின் கெட்டதுன்னு எழுதுனா, கையாலாகாத கம்பெனிக்கு எதுக்கு ஒத்தாசைன்னு கேப்பான். எழுதும்மா."

எழுதினேன்.

செபஸ்தியம்மாள்தான் அந்த இரண்டாம் மெஷினில் இருந்தார். முப்பத்தெட்டு வயசு. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அங்கேதான். வெட்டுகிற பெண்களுக்கும் காய்ச்சுகிற பெண்களுக்கும் அவர் சொல்தான் சட்டம். டின்னைக் காதோரம் வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டி, அடைப்பு சரியா இல்லையா என்று சொல்லிவிடுவார். உருளை தேய்ந்த பிறகு அவர் தட்டி ஒதுக்கிய டின்கள் கூடிக்கொண்டே போயின. கடைசியாக ஒரு பெரிய லோடு போகவேண்டியிருந்தபோது அண்ணன் வந்து, "இந்தத் தடவை மட்டும் ஒதுக்காதிய. எல்லாத்தையும் அனுப்பிருவோம்" என்றார். அக்கா அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒதுக்கிய டின்களை எடுத்து அவரே பெட்டியில் அடுக்கினார். அந்தச் சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன்.

ஐம்பத்தைந்து ஆகஸ்டில் மதராஸில் விசாரணை. தொழிலாளி ஒருவரையும் கூட்டிவரலாம் என்று குழு எழுதியிருந்ததால் அண்ணன் அக்காவைக் கூட்டிப்போனார். அக்காவின் பேச்சை இங்கிலீஷில் சொல்ல நான். அக்கா மதராஸ் பார்த்ததில்லை. எழும்பூரில் இறங்கியதும் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டவர், விசாரணை மண்டபம் வரை விடவில்லை.

முதல் நாள் எங்கள் பக்கம் நன்றாகவே போனது. ரசீதைக் குழுத் தலைவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இறக்குமதிக்காரர்களின் வக்கீலால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. அண்ணன் அன்றைக்கு எங்களுக்கு ஹோட்டலில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் வக்கீல் ஒரு துணிப்பையோடு வந்தார். அதிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தது எங்கள் டின். உள்ளே பழம் கெட்டு, இரண்டு பக்கமும் உப்பி, பந்துபோல் இருந்தது.

"இது எங்கள் கட்சிக்காரர் கடையில் வாங்கியது. இதைப்போல் முப்பது இருக்கிறது. ஜனங்கள் இந்தக் கம்பெனிச் சரக்கை ஒதுக்குவதற்குக் காரணம் வெளிநாட்டு விலையா, அல்லது இதுவா?" என்று கேட்டார்.

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். தலைவர் அண்ணனைப் பார்த்தார். இயந்திரங்கள் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, அது சரிதானா என்றார். அண்ணன் எழுந்து, சரிதான் என்றார். தலைவர் டின்னைத் திருப்பி மூடியில் குத்தியிருந்த மெஷின் எண்ணைப் பார்த்தார்.

"இரண்டு. இரண்டாம் மெஷினில் யார்?"

நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா எழுந்தார். டின்னைக் கையில் வாங்கி, மூடியின் விளிம்பைப் பெருவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அழுத்துனதுதான் ஐயா. மெஷினுக்கு ஒண்ணுமில்ல. என் கை தவறிப்போச்சு" என்றார் அக்கா.

தலைவர் என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். உண்மை பேசுவதாக நானும் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். அக்கா என்ன சொன்னாரோ அதைச் சொல்லவேண்டியதுதான் என் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தேன். கை தவறிப்போச்சு என்பதற்கு எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம். அந்தப் பதற்றத்தில் என் வாயில் வந்தது, 'கேர்லெஸ்' என்ற சொல். அக்கறை இல்லாமல் செய்துவிட்டாள் என்று ஆகிவிட்டது. சுருக்கெழுத்துக்காரர் அதைக் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது ரயிலில் அண்ணன் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார். விழுப்புரம் தாண்டியதும் நான் கேட்டேன்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றிய டீச்சர்? மெஷினு கெட்டதுன்னா மொதலாளி பொய் சொன்னார்னு ஆகும். கம்பெனிய இழுத்து மூடச் சொல்லிருவாங்க. முத்துப்பேச்சி வீட்ல அஞ்சு சீவன் அவ கையப் பாத்துக்கிட்டு இருக்கு. எனக்கு யாரு இருக்கா?" முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லிருக்கேன். அதான் மனசு கெடந்து அடிக்குது. சாமியார்ட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிரணும்."

எட்டு மாதம் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. வெளிநாட்டுக்காரன் கொட்டுவது உண்மை, வரியை ஏற்றலாம் என்று எழுதியிருந்தது. சர்க்காரும் ஏற்றியது. கம்பெனியில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். முத்துப்பேச்சி, அக்காவின் நெற்றியில் சந்தனத்தை அப்பிவிட்டு ஓடினாள். அவளுக்கு மெஷின் வேலை கற்றுக்கொடுத்தது அக்காதான்.

ஆனால் அறிக்கையின் முப்பத்தோராம் பக்கத்தில் எங்கள் கம்பெனியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அக்கறையற்ற ஒரு தொழிலாளியால் சரக்கு கெட்டதாக அவளே ஒப்புக்கொண்டாள், இத்தகையவர்களை வைத்துக்கொண்டு தரம் பேசமுடியாது என்று அச்சாகியிருந்தது. அச்சில் இருந்தது நான் சொன்ன அந்தச் சொல்தான்.

ஜூனில், புதுச் சட்டப்படி கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். சனிக்கிழமை என்பதால் நானும் இருந்தேன். பம்பாய் உருளை வந்து மாட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் கையில் அந்த அறிக்கை. முப்பத்தோராம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அண்ணனிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"இந்தப் பெண் இன்னும் வேலையில் இருக்கிறாளா?"

அக்கா பத்தடி தூரத்தில் மெஷினில் நின்று, அதிகாரி வந்திருக்கிறாரே என்று மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, நிறுத்தியாகிவிட்டது" என்றார் அண்ணன்.

அன்று சாயங்காலம் அண்ணனே அக்காவைக் கூப்பிட்டார். "கொஞ்ச நாளைக்கு வீட்ல இருங்க செபஸ்தியம்மா. இந்த லைசென்ஸ் வேலை முடியட்டும். ஆள் விடுறேன்" என்றார். அக்கா சரியென்று தலையாட்டிவிட்டு, கையைக் கழுவி, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனார். அண்ணன் ஆள் விடவேயில்லை. லைசென்ஸ் வந்தது, அப்புறம் வருஷா வருஷம் பார்வையிட வந்தார்கள், ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பயம்.

நான் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்தது எல்லாவற்றையும் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன்.

"போடாதிய டீச்சர். போட்டா வரிய எறக்கிருவான். நான் சொன்ன பொய்யி ஒண்ணுத்துக்கும் ஆகாமப் போயிரும்" என்றார்.

நான் போடவில்லை. அவர் வேண்டாம் என்றதால்தான் போடவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தியம் செய்துவிட்டு மொழிபெயர்த்தவள் நான். டீச்சர் வேலை போய்விடும் என்று பயந்தேன். அதுதான் நிஜம்.

அறிக்கையில் இருந்த விஷயம் எப்படியோ பெண்கள் காதுக்குப் போயிற்று. 'செபஸ்தியம்மா மதராஸ்ல போயி உளறி, நம்ம கம்பெனியவே மூடப் பாத்தாளாம்' என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பூசைக்கு வரும்போதும் அவர் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. எதிரே வந்தால் முத்துப்பேச்சி தெருவின் மறுபக்கம் மாறிப்போனாள். அக்கா கொஞ்ச நாள் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தண்ணீரில் கை வெந்துபோயிற்று. அப்புறம், சித்தையன்கோட்டையில் இருக்கும் தம்பி சூசை வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அண்ணன் அறுபத்தொன்றில் படுத்த படுக்கையாகி இறந்தார். கடைசி நாட்களில் இரண்டு தடவை அக்கா பெயரைச் சொன்னார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. அடக்கம் முடிந்த அடுத்த வாரம் நான் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உருளை தேய்ந்தது, ஒதுக்கிய டின்களை அனுப்பச் சொன்னது, மண்டபம், என் வாயில் வந்த சொல். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, பாவி மகளா போனேனே! நான் அவுகளப் பாத்துக் காறித் துப்பியிருக்கேனே டீச்சர்!"

மறுநாளே இரண்டு பேரும் பஸ் ஏறினோம். சூசை வீட்டில் அக்கா வயலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்களுக்கு நடுவில் இருந்தார். முடி நன்றாக நரைத்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு வரப்புக்கு வந்தார். முகத்தில் சந்தோஷம் இருந்தது. முத்துப்பேச்சி ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்குத் தெரியாமப் போச்சேக்கா. எங்களுக்காகத்தான் சொன்னிய. டீச்சரு எல்லாத்தையும் சொல்லிட்டாக."

அக்காவின் முகம் மாறியது. குனிந்து அவள் கையை விடுவித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்குச் சொன்ன?" என்றார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னை ஒருமையில் கேட்டார்.

"உண்மை தெரியட்டும்னுதான்க்கா..."

"செத்துப்போன மனுசன இப்பப் பொய்யனாக்கிட்ட. இவளுக்கு இனிமே தூக்கம் வருமா? சொல்லணும்னா அன்னைக்கு அந்த மண்டபத்துலல்ல சொல்லியிருக்கணும். நீதான இங்கிலீஷு பேசுன." குரல் உயரவில்லை. "ஆறு வருசமா நான் ஒருத்தி மட்டும் வெச்சிருந்தேன். அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். கம்பெனி அண்ணன் மகன் கைக்கு வந்துவிட்டது, மறுபடி வேலைக்கு வாருங்கள் என்றேன். அவர் முத்துப்பேச்சியின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "பிள்ளைகள்லாம் நல்லா இருக்கா?" என்று மட்டும் அவளிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

"வெயிலு ஏறுது. கஞ்சி நேரத்துக்குள்ள இந்தப் பாத்திய முடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கினார். மற்றப் பெண்கள் யார் வந்தது என்று கேட்டிருக்கவேண்டும். அவர் ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் கொஞ்சநேரம் வரப்பில் நின்றோம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முத்துப்பேச்சி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.