ஏற்றத்துக்கு மட்டும்

“இறங்கமாட்டேங்கிற வண்டிய வச்சிக்கிட்டு என்னம்மா செய்யப்போறீங்க?” என்று வாகனப் பரிசோதகர் சந்திரகுமார் ரபீகாவிடம் கேட்டது மூன்று வருஷங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. மடவளையில் இரும்பு கேட்டும் யன்னல் கிரில்லும் வெல்டிங் செய்கிற ரபீகாவின் மோட்டார் சைக்கிள் மேடு மட்டும்தான் ஏறும். பள்ளத்தில் ஒரு முழம்கூட இறங்காது. சமதரையில் அரை மனதோடு ஓடும். இறக்கம் தொடங்குகிற இடத்தில் எஞ்சின் நின்றுவிடும். நியூட்ரலில் போட்டுத் தள்ளினால் இரண்டு சில்லும் பூட்டிக்கொள்ளும். அதன் பிரேக் கட்டைகள் தேய்ந்ததே இல்லை என்று ஊரிலுள்ள மற்ற வண்டிக்காரர்கள் கொஞ்சம் பொறாமையோடு சொல்வார்கள்.

வண்டியின் உடம்பு ஐம்பத்தாறாம் வருஷத்து இங்கிலாந்து உடம்பு. ரபீகா வாங்கியபோது அதற்கு எஞ்சின் இருக்கவில்லை. அவள் பின் மட்கார்டைப் பாதியாக வெட்டினாள், முன் சில்லைத் தாங்கும் கால்களை அரை அடி நீட்டினாள், கேட் தகட்டைத் தட்டித் தட்டிப் பலாக்கொட்டை வடிவத்தில் பெற்றோல் டாங்க் செய்தாள். எஞ்சின் பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. அது முப்பத்து நான்கு வருஷம் கீழ்மலையிலிருந்து தொழிற்சாலைக்குக் கம்பியில் கொழுந்து மூட்டை இழுத்த எஞ்சின். மூட்டையை இறக்கியதும் வெறுங்கம்பி தன் பாட்டில் கீழே போய்விடும். அந்த வேலை எஞ்சினுக்கு இல்லை. அதை லொறியில் ஏற்றும்போது தோட்டத்து ஸ்டோர்காரர் ராஜலிங்கம், “மேல இழுக்க மட்டுந்தாங்க இதுக்குத் தெரியும், தங்கச்சி” என்றார். ரபீகா அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டாள். அவள் செய்த பிழை அந்த ஒன்றுதான்.

கண்டியில் பழைய மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதில் பாதிப் பேர் வண்டியைக் கம்பனியில் இருந்து வந்த மாதிரியே வைத்திருப்பவர்கள். மறுபாதிப் பேர் வெட்டி ஒட்டி அழகு பார்ப்பவர்கள். இரண்டு பாதியும் எதிலும் ஒத்துப்போனதில்லை, ரபீகாவைப் பார்த்துச் சிரிப்பதில் மட்டும் ஒத்துப்போனது. “எங்கடது போய் வாற வண்டி. உங்கடது போற வண்டி மட்டும்தானே ராத்தா” என்பான் செயலாளர் ருஷ்தி. ரபீகாவுக்குக் கூட்டத்தில் வாய் திறக்க வராது. பதிலை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொண்டு அதற்குள் சொல்லுவாள்: “முதல் முதல்ல வண்டிய வெட்டி ஒட்டினவன் கடையிலயா எஞ்சின் வாங்கினான்? கைல கெடச்சதத்தானே போட்டான்!” முகமூடிக்குள் இருந்து புகை வரும். அவளது உம்மா மஸாஹிரா அதைப் பார்த்துவிட்டு, “கேட் செஞ்சா ஆக்கள் தொறந்து மூடுவாங்க. இந்தச் சனியன வச்சி நீ என்னத்தத் தொறக்கப் போற?” என்று கேட்பார்.

எஞ்சின் மாற்றிய வண்டி, பரிசோதனை முடித்து வண்டிப் புத்தகத்தில் பதிய வேண்டும். பரிசோதனைக்கு வண்டி தன் சொந்தச் சில்லுகளில் வர வேண்டும். பரிசோதனை அலுவலகம் மடவளையை விடத் தாழ்வில் இருந்தது. கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கும் முதல் வளைவில் வண்டி நின்றது. பின்னால் மூன்று பஸ்கள் ஹோர்ன் அடித்தன. அதன்பிறகு ரபீகா வண்டியை ஊர் லொறிக்காரர் பளீல் நானாவின் லொறியில் ஏற்றிக் கொண்டுபோனாள். அந்தப் பயணத்தில் லொறி இறக்கம் முழுவதும் முதல் கியரில் முக்கி முக்கி இறங்கியது, மலை ஏறுகிற அளவு டீசல் குடித்தது. லொறியில் வந்த வண்டி ஓடாத வண்டி என்று அலுவலகத்தில் எழுதினார்கள். அடுத்த வருஷம் அலுவலக வாசலுக்கு நூறு யார் தூரத்தில் லொறியிலிருந்து இறக்கி ஓட்டிப் போனாள். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார்கள். முற்றம் கண்ணுக்குத் தெரியாத சரிவு. வண்டி அரை வட்டம் அழகாகப் போய் நின்றது. அரை வட்டத்துக்குப் பாஸ் கிடையாது என்றார் சந்திரகுமார். இந்த டிசம்பருக்குள் பதியாவிட்டால் நம்பர் வெட்டப்படும், பிறகு அது பழைய இரும்பு என்று கடிதம் வந்தது. ரபீகா கடிதத்தை நான்காக மடித்து டாங்குக்கு அடியில் செருகினாள். அன்று செய்த கிரில் முழுவதும் கோணலாக வந்தது.

நவம்பரில் நான்காம் தடவையாக, வண்டி இல்லாமல் பேப்பர்களோடு மட்டும் அலுவலகத்துக்குப் போனாள். சந்திரகுமார் எஞ்சின் எங்கிருந்து வந்தது என்ற பத்தியை முதல் தடவையாக முழுதாக வாசித்தார்.

“பன்விலயில எந்த டிவிஷன்?”

“கீழ்மல, சேர்.”

அவர் பேனாவை மூடினார். “அந்த மெசின் சத்தத்துலதான் நாங்க எந்திரிக்கிறது. மூட்டைக்குக் கம்பி. எங்கம்மா ஏறுறதுக்கு நானூத்திப் பன்னெண்டு படி. ஒருநாள் மூட்டையோட தொத்திக்கிட்டேன். கங்காணி காதப் புடிச்சி எறக்கிட்டாரு.”

ரபீகா வழக்கம்போல் வாய்க்குள் வந்ததை விழுங்கப் பார்த்தாள். இந்தத் தடவை அது இறங்கவில்லை. “மூணு வருஷமா பேப்பரயே பாக்கிறீங்களே. வந்து ஏறிப் பாருங்க சேர்!” என்று கத்திவிட்டாள். வரிசையில் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். முற்றத்துக்கு வெளியே பரிசோதிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சந்திரகுமார் சொன்னார்.

சனிக்கிழமை காலை அவர் ஹெல்மெட்டோடு மடவளைக்கு வந்தார். புத்தகத்தைக் கேட்டு வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டாம் உதையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்தில் அவர் முகம் எப்படி ஆனது என்பது ஹெல்மெட்டுக்குள் தெரியவில்லை. வண்டி வத்தேகமப் பக்கம் திரும்பி ஏறத் தொடங்கியது. பன்வில றோட்டில் நடுநடுவே சின்ன இறக்கங்கள் உண்டு. அந்த இடங்களில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வண்டியைக் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்ததாகப் பிறகு பஸ்காரர்கள் சொன்னார்கள். சத்தம் மலைக்குள் போய் மறைந்ததும் ரபீகா பளீல் நானாவுக்குப் போன் பண்ணி, நாளைக்கு லொறி வேண்டும், டீசலை இரண்டு மடங்காக அடித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

பின்னேரம் நாலு மணிக்குப் பன்வில பஸ்ஸில் இருந்து சந்திரகுமார் இறங்கினார். ஹெல்மெட் கையில் இருந்தது. முழங்கால் வரை சிவப்பு மண். புத்தகத்தைப் பட்டறைக் கல்லின் மேல் வைத்தார். எஞ்சின் நம்பர் பதியப்பட்டிருந்தது, முத்திரை குத்தப்பட்டிருந்தது. விசேட குறிப்பு என்ற இடத்தில், நல்ல கையெழுத்தில், ‘ஏற்றத்துக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது.

ரபீகா அதை இரண்டு தரம் வாசித்தாள். சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. “அப்ப வண்டி எங்க சேர்?” என்றாள்.

சந்திரகுமார் முகில் மூடியிருந்த பன்வில மலைப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு றோட்டைக் கடந்து, கண்டி பஸ்ஸில் ஏறிப் போனார்.