பதினேழாம் எண் கட்டுரை

முப்பத்தொன்பது கட்டுரைகளுக்குக் குறிப்பு எழுதி முடித்தாயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று. சின்ன மேடம் பேனாவை மூடிவிட்டு விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டாள்.

சின்ன மேடம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். மேலாண்மைத் துறையில் ஆறு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். மற்றவர்களுக்குச் சுழல் நாற்காலி, அவளுக்கு மட்டும் ஒரு கால் சற்றுக் குட்டையான பிளாஸ்டிக் நாற்காலி. இந்த வருஷம்தான் அவளை நம்பி ஒரு முழுப் பாடத்தைக் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை பாடத்திட்டக் குழு கூடுகிறது. பாடம் தேறினால் வேலை நிரந்தரம் என்று துறைத்தலைவி வாய்விட்டே சொல்லியிருந்தார். தேறாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

குறிப்பு எழுதும் ஏற்பாடும் துறைத்தலைவி கொண்டுவந்ததுதான். பட்டியலை வெறுமனே நீட்டினால் மாணவர்கள் தலைப்பைப் பார்த்து மிரண்டு ஓடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே நான்கு வரி: என்ன சொல்கிறது, எதற்கு உதவும், எங்கே நொண்டுகிறது. பட்டியலின் அடியில் பாட ஆசிரியரின் கையெழுத்து, 'இவை அனைத்தையும் வாசித்தேன்' என்ற வாசகத்துக்குக் கீழே. சின்ன மேடத்தின் பாடம்தான் இதற்கு முதல் சோதனை.

அந்தக் கையெழுத்துக்குக் குறுக்கே நின்றது பதினேழாம் எண். 'கூட்டங்களில் யார் பேசுகிறார்கள்?' என்று தலைப்பு. ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்கங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. கட்டுரையைத்தான் காணோம்.

முதலில் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டாள். அவர் இதே பாடத்தை நான்கு வருஷம் நடத்தியவர். நல்ல கட்டுரை என்றார், தேர்வில் ஒரு கேள்வியே அதிலிருந்து கேட்டிருப்பதாகவும் சொன்னார். மாணவர்கள் எழுதினார்களா என்று கேட்டதற்கு, பத்துக்கு எட்டுக்குக் குறையாமல் வாங்கினார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். பிரதி மட்டும் கைவசம் இல்லையாம்.

அடுத்தது அட்டவணை சார். எந்தப் பேச்சையும் கட்டம் போட்டு எண்களாக்கிவிடும் மூத்த பேராசிரியர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, அந்தக் கட்டுரையின் மூன்றாவது அட்டவணையை மட்டும் பார்த்தால் போதும், மீதியெல்லாம் சும்மா வளவளப்பு என்றார். கடைசியாக நடைபாதையில் துறைத்தலைவியையே மடக்கிக் கேட்டபோது, அவர் நடையைக்கூடத் தளர்த்தாமல், தெளிவான எழுத்து என்றும், தன்னுடைய ஒரு கட்டுரையில் மேற்கோளே காட்டியிருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, ஊரே வாசித்த ஒன்றைத் தான் மட்டும் வாசிக்கவில்லை என்று சின்ன மேடத்துக்கு வெட்கமாகிவிட்டது. நேரே நூலகத்துக்குப் போனாள்.

நூலகத்தில் பழைய இதழ்கள் பிரிவு அவளுடைய நாத்தனாரின் ராஜ்ஜியம். கணவனின் தங்கை. வீட்டில் ஒரு சாவிக்கொத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத் துப்பில்லாதவள், இங்கே எந்த அலமாரியில் எந்த வருஷம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கேட்ட பத்தாவது நிமிஷம் கையில் தூசியோடு திரும்பி வந்தாள்.

"அண்ணி, நீங்க சொல்ற வருஷத்துல இந்தக் கட்டுரை வந்திருக்கவே முடியாது."

"ஏன், அந்த வருஷத்து இதழ் தொலைஞ்சு போச்சா?"

"தொலையறதுக்கு முதல்ல பிறக்கணுமே. அந்த இதழ் ஆரம்பிக்கவே இன்னும் ஆறு வருஷம் இருக்கு."

புத்தகம் வாங்குவதற்காகத் துறைகள் வருஷாவருஷம் அனுப்பும் பட்டியல்களை நூலகம் கோப்பில் போட்டுவைப்பது வழக்கம். நாத்தனார் இருபது வருஷத்துக் கோப்புகளைத் தரையில் பரப்பி, சம்மணம் போட்டு உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினாள். மிகப் பழைய பட்டியலில் விஷயம் வெளிச்சமாயிற்று. அதில் நாற்பத்தொரு கட்டுரைகள். பதினேழாவது, தொழிற்சாலைகளில் சின்னச் சின்ன விபத்துகளை ஆட்கள் ஏன் மேலே சொல்வதில்லை என்பது பற்றியது. பதினெட்டாவதுதான் கூட்டங்களில் யார் பேசுகிறார்கள் என்பது. பதினேழின் ஆசிரியர் பெயரும் ஆண்டும் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தன. மறுவருஷம் நகல் எடுத்தபோது அதற்குக் கீழே இருந்த வரிகள், பதினேழின் தலைப்பும் பதினெட்டின் ஆசிரியர் பெயரும் ஆண்டும், வெட்டுப்பட்டுவிட்டன. அந்த நகலைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்தவர், இதன் தலையையும் அதன் உடம்பையும் ஒட்டி ஒரே கட்டுரையாக்கி, எண்களையும் ஒழுங்காகத் திருத்திவிட்டார். அன்றிலிருந்து பட்டியலில் நாற்பதுதான்.

நாத்தனார் சிரித்த சிரிப்பில் வாசிப்பறையே திரும்பிப் பார்த்தது. சின்ன மேடத்துக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. துறைத்தலைவி மேற்கோள் காட்டிய கட்டுரை அல்லவா?

மறுநாள் காலைச் சாப்பாட்டில் இதுதான் பேச்சு. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் கணவன், பேசாமல் அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றான். தூக்கினால் ஏன் தூக்கினாய் என்று கேட்பார்கள், வாசித்தவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்களே என்றாள் அவள். அப்படியானால் நாலு வரி கதை விட்டுக் கையெழுத்துப் போடு, எல்லாரும் செய்ததுதானே என்றான். அவள் யோசித்துப் பார்த்தாள். தெளிவான எழுத்து, அருமையான மூன்றாவது அட்டவணை; குறிப்பு மனதில் தானாகவே அமைந்துவிட்டது. அது அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அசல் கட்டுரைகள் இரண்டையும் நூலகத்தில் எடுத்து வாசித்துவிட்டு, புதன்கிழமை மதியம் துறைத்தலைவியின் அறைக்குப் போனாள். சாட்சிக்கு என்று நாத்தனாரும் கோப்பைக் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். பதினேழாம் எண்ணுக்குக் கீழே சின்ன மேடம் எழுதியிருந்தது இது: 'இப்படி ஒரு கட்டுரை இல்லை. இரண்டு நல்ல கட்டுரைகள் தட்டச்சில் ஒன்றாகிவிட்டன. இரண்டும் தனித்தனியே கீழே தரப்பட்டுள்ளன. இல்லாத ஒன்றை ஒரு துறை இருபது ஆண்டு எப்படிப் பாடமாக நடத்தியது என்பதை மாணவர்கள் முதல் வாரத்தில் விவாதிக்கலாம்.'

துறைத்தலைவி ஒரு தடவை வாசித்தார். பழைய பட்டியலை வாங்கிப் பார்த்தார். மறுபடி வாசித்தார். வேலை போயிற்று என்று சின்ன மேடம் முடிவே கட்டிவிட்டாள்.

"வேற யார்கிட்டயெல்லாம் கேட்டே?"

"அட்டவணை சார்கிட்ட, மேடம்." பட்டப்பெயர் வாய்தவறி வந்துவிட்டது. நாத்தனார் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அவர் என்ன சொன்னார்?"

"மூணாவது அட்டவணையைப் பாருன்னார்."

துறைத்தலைவியின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆறு வருஷத்தில் அவர் பல்லை யாரும் பார்த்ததில்லை. சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த அட்டவணை சாரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சார், பதினேழு வாசிச்சிருக்கீங்களாமே?"

அவர் இரண்டு பெண்களையும் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். "எப்பவோ புரட்டின ஞாபகம்," என்றார் ஜாக்கிரதையாக.

"நான் புரட்டல சார், நேரா மேற்கோளே காட்டிட்டேன். பக்க எண்ணோட. இன்னொருத்தர் கட்டுரையில பார்த்து எடுத்தது. அவர் எதைப் பார்த்து எடுத்தாரோ." கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்ன மேடத்தின் பக்கம் திரும்பினார். "ஒரு எழுத்தையும் மாத்தாதே. நாளைக்குக் குழுவில இதை நானே வாசிக்கறேன். முதல்ல என் கட்டுரையைச் சொல்லிட்டு."

சொன்னபடியே செய்தார். வியாழக்கிழமை குழுவுக்கு வெளியிலிருந்து வந்திருந்த தொழிற்சாலை மேலாளர், தங்கள் நிறுவனத்திலும் இப்படி ஒரு விதிமுறை உண்டு, அதை யார் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது என்று சொன்னதும் அறை முழுக்கக் கலகலப்பாகிவிட்டது. சின்ன மேடம் நாற்பத்தொரு கட்டுரைகளுக்கும் அடியில் கையெழுத்துப் போட்டாள். பாடம் தேறியது. வேலையும் நிரந்தரமாயிற்று. கூடவே ஒரு தீர்மானமும் வந்தது: இனி துறையின் எல்லாப் பாடங்களுக்கும் இதே குறிப்பு, இதே கையெழுத்து, மாதக் கடைசிக்குள்.

அன்று மாலை நல்ல செய்தி சொல்ல நூலகத்துக்குப் போனவளால் நாத்தனாரின் மேசையை நெருங்க முடியவில்லை. மேலாண்மைத் துறைப் பேராசிரியர்கள் கையில் ஆளுக்கொரு பட்டியலோடு வரிசையில் நின்றார்கள். பக்கத்து மேசைக்காரர் எல்லாருக்கும் முன்னால் நின்று, தான் ஒன்பது வருஷமாக நடத்தும் இன்னொரு பாடத்தின் அடிப்படை நூல் எந்த அலமாரியில் இருக்கும் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாத்தனார் கூட்டத்துக்கு மேலாக அண்ணியைப் பார்த்துவிட்டாள். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"வாங்க அண்ணி," என்றாள், "நான் வீட்டுக்கு வர நேரமாகும்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. இன்னிக்குத்தான் இங்க எல்லாரும் படிக்க வந்திருக்காங்க."